கருக்கும் கிழங்கு வடித்த தண்ணீரும்

போன வருஷம் சித்திரை வெயிலில் அம்மாவுக்குத் தினமும் இரண்டு கருக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இளநீரை எங்கள் பக்கம் கருக்கு என்றுதான் சொல்வோம். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்னால் நாலு தென்னை நிற்கிறது. மரமேறுகிற அண்ணன் மாதம் ஒரு தடவை வந்து ஒரு குலையைக் கயிற்றில் கட்டி அடிபடாமல் இறக்கி வைத்துவிட்டுப் போவார், அது தீரும்வரை காலையில் ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று. அம்மாவுக்கு 67 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை, அதன் பிறகு பிரஷரும் சேர்ந்துகொண்டது. வெயிலில் வாடிப்போய் உட்கார்ந்திருப்பவளுக்குக் கருக்கைவிட வேறென்ன கொடுப்பது? குளிர்ச்சி, பொட்டாசியம் நிறைய இருக்கிறது, பிரஷரைக் குறைக்கும் என்று நானே படித்திருந்தேன். படித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அம்மா அடுக்களைப் பலகையில் உட்கார்ந்து மீன் வெட்டிவிட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். "காலுக்கு பெலனே இல்ல மக்கா, சாக்குல மண்ணு கெட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வெயில்தான் என்று முடிவு செய்து அன்றைக்கு மூன்றாவதாக ஒரு கருக்கும் வெட்டிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.3 என்று வந்தது, 5-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் 1.9, அதுவும் அதிகம்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, ரத்தம் எடுக்கும்போது கையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டியிருந்தார்களா, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார்களா என்று. ரத்தம் எடுத்த குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்துபோனால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, உடம்பில் இல்லாத உயர்வைத் தாளில் காட்டிவிடுமாம். அதனால் உடனே மறுபடி எடுத்தார்கள், இசிஜியும் பார்த்தார்கள். 6.2. இசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது: கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு சேர்த்து இன்சுலின், ஆஸ்துமாக்காரர்களுக்கு வைக்கிற அதே மருந்துப் புகை. சர்க்கரை 140-தான் இருக்கிறது, எதற்கு இன்சுலின் என்று நான் நர்ஸிடம் கேட்டேன். "அக்கா, இது சர்க்கரைக்கு இல்ல. ரத்தத்துல நிக்கிற பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளி விடுகதுக்கு" என்றார். கால்சியம் அதுவரை இதயத்தைக் காப்பதற்கு.

இரவு பத்து மணிக்கு எண் 5.4-க்கு இறங்கியது. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தார். என்ன பிரஷர் மாத்திரை? டெல்மிசார்ட்டான். கால்முட்டி வலிக்கு ஏதாவது? மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியது, தினம் ஒன்று, ஒரு மாதமாக. என்ன உப்பு போட்டுச் சமைக்கிறீர்கள்? லோ சோடியம் உப்பு, எனக்குப் பிரஷர் வந்ததும் நான்தான் வாங்கினேன். பழம், ஜூஸ், இளநீர்? அப்போதுதான் கருக்குக் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாலு விரலை மடக்கிக் காட்டி, இந்த நாலில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் அம்மா தாங்கியிருப்பார்கள், நாலும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார்.

அந்த நாலும் எப்படிச் சேர்ந்தன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு, கருக்கும் வாழைப்பழமும் இல்லாத வீடும் குறைவு.

உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே ரத்தத்தில் ஓடுவது கொஞ்சமே கொஞ்சம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதை 1957-இல் கண்டு எழுதினார், அதற்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு சேதி அனுப்புவது, தசை சுருங்குவது, இதயம் தாளம் தப்பாமல் அடிப்பது எல்லாம் இந்த உள்ளே வெளியே வித்தியாசத்தால்தான். வெளியே இருக்கும் கொஞ்சத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் தசைக்கும் இதயத்துக்கும் உடனே தெரியும். அம்மாவின் கால் மண் மூட்டையானது அதனால்தான். பலருக்கு இந்த அறிகுறிகூட இருக்காதாம், நேராக இதயத்தில்தான் காட்டுமாம்.

தின்னும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது, மீதி மலத்தில் போகிறது. பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழை கொட்டினால் மதகைத் திறந்துவிடுவார்கள், மட்டம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். நல்ல சிறுநீரகம் அப்படி. இரண்டு கருக்கு குடித்தாலும் நாலு பழம் தின்றாலும் சில மணி நேரத்தில் மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். மதகு துருப்பிடித்துப் பாதிதான் திறக்கும் என்றால் சாதாரண மழையே வெள்ளம். அம்மாவின் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான் வேலை செய்கிறது, இஜிஎஃப்ஆர் என்று தாளில் போடும் எண் 28. அது எங்களுக்கு அதுவரை தெரியாது, ஏனென்றால் சர்க்கரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லவை, ஆனால் பொட்டாசியம் வெளியேறுவதைக் கொஞ்சம் குறைக்கும். முட்டி வலி மாத்திரைகளில் பலவும் அப்படித்தான், அதோடு சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். துருப்பிடித்த மதகை இப்படி இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் மேலே கருக்கை ஊற்றியிருக்கிறேன்.

கருக்குத் தண்ணீரில் 100 மில்லிக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். எங்கள் வீட்டுக் காய் ஒன்றில் 300 மில்லி தாராளமாக வரும். தினம் இரண்டு என்றால் 1200 முதல் 1500 மி.கி. அம்மாவுக்கு இப்போது டாக்டர் சொல்லியிருக்கும் மொத்த அளவே நாளுக்கு 2000 மி.கி.

இனி என் கதை. அம்மா ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் எனக்கு பிரஷர் 150/96 என்று வந்தது, வயது 42. உப்பைக் குறையுங்கள், பழம் காய்கறி பயறு அதிகம் சேருங்கள் என்று சொல்லி 'பொட்டாசியம் நிறைந்த உணவுகள்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அம்மா டிஸ்சார்ஜ் ஆகும்போது அவளுக்கும் ஒரு தாள் வந்தது. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே பட்டியல். வாழைப்பழம், இளநீர், கீரை, கிழங்கு, பயறு, தக்காளி. எனக்கு 'சாப்பிட வேண்டியவை', அம்மாவுக்கு 'தவிர்க்க வேண்டியவை'. அடுப்பு ஒன்றுதான், சந்தைப் பை ஒன்றுதான், சமைக்கிறவளும் நான் ஒருத்திதான். அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2012-இல் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 3510 மி.கி. பொட்டாசியம் என்றது. ஹைதராபாத்தில் இருக்கும் நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை 3500 மி.கி., கூடவே சோடியம் 2000 மி.கி.க்குள். சோடியம் 2000 என்பது உப்புக் கணக்கில் 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இந்த 3500 சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கான அளவு என்பதை மறக்கக் கூடாது.

மூன்று நாள் நான் தின்ற எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் தோசை நாலு, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, மீன்குழம்பு, பேருக்கு ஒரு கரண்டி துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அப்பளம். சாயங்காலம் டீ, ரசவடை. ராத்திரி மறுபடி தோசை. கூட்டினால் 1500-ஐத் தொடவே கஷ்டப்பட்டது. நம்பவில்லை, இரண்டு தடவை கூட்டினேன். காரணம் சோறுதான். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 35 மி.கி.தான் பொட்டாசியம். ஒரு தட்டுச் சோற்றில் இருப்பது இரண்டு கரண்டி வேகவைத்த பயறில் இருக்கிறது. உப்பு மட்டும் எனக்குக் குறைவில்லை. அப்பளத்தில், ஊறுகாயில், ஏத்தங்காய் உப்பேரியில் (நேந்திரங்காய் சிப்ஸ்), ஞாயிற்றுக்கிழமை கருவாட்டில் என்று அது எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது. புத்தளத்து உப்பளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நோட்டு ஞாபகம் வருகிறது.

பொட்டாசியம் செய்கிற உதவி என்னவென்றால், அது போதுமான அளவு உள்ளே போனால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே விடும், ரத்தக் குழாய்களும் கொஞ்சம் தளரும். உப்பைக் குறைக்காமல் பழத்தை மட்டும் ஏற்றுவதைவிட, இது ஏற அது இறங்க என்று இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் பலன் அதிகம்.

பொட்டாசியம் என்றாலே வாழைப்பழம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மி.கி., நல்ல அளவுதான், ஆனால் அது மட்டுமே தலைவன் இல்லை. அதே எடை சேம்புக் கிழங்கு அதைவிட அதிகம் தரும், காச்சில் கிழங்கு இரண்டு மடங்குக்கு மேல். ஏத்தங்காய், சக்கைப்பழம் (பலாப்பழம்), கொய்யா எல்லாம் வாழைப்பழத்தைவிட ஒரு படி மேலே. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கொஞ்சம் கீழே, பச்சையாக இருக்கும்போது 270 மி.கி. முருங்கைக்கீரை, தேங்காய், சாளை (மத்தி) மீன் எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 300-க்கு மேல். வேகவைத்த பயறு 270 பக்கம், தயிர் 150 பக்கம். இதையெல்லாம் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது: நம் பாட்டிமார் வைத்த அவியலும், புட்டுக்குப் பயறும் பழமும், கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட பயறும், கிழங்குக்குச் சாளைக் கறியும் எனக்குக் கொடுத்த தாளில் இருந்த மொத்தத்தையும் உள்ளே வைத்திருக்கின்றன. தாளில் அவகேடோ என்று போட்டிருந்தது. வடசேரி சந்தையில் அவகேடோவைத் தேடி நான் ஏன் அலைய வேண்டும்?

இப்போது என் சாப்பாடு பெரிதாக மாறவில்லை. காலையில் வாரம் மூன்று நாள் புட்டும் ஒரு கிண்ணம் பயறும் ஒரு பழமும். மதியம் சோற்றைப் பாதியாக்கி அவியலையோ எரிசேரியையோ ஒரு கரண்டிக்குப் பதில் ஒரு கிண்ணமாக வைத்துக்கொள்கிறேன், ஒரு கீரைத் துவரன், மீன், ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் வடைக்குப் பதில் கொய்யா. டீயில் இருக்கும் பாலையும் சேர்த்தால் 3300 பக்கம் வருகிறது. பொட்டாசியத்துக்கென்று மாத்திரை இல்லை, பொடி இல்லை, கருக்கும் எப்போதாவதுதான். அப்பளத்தை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இருந்தவரை வாழை வைத்திருந்தார், ஏத்தனும் மட்டியும் செந்துளுவனும். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் "பொட்டாஷ் காணாது" என்பார். வாழை நிறைய சாம்பல் சத்து இழுக்கிற பயிர், பழத்தில் அவ்வளவு இருக்க வேண்டுமானால் மண்ணிலிருந்துதானே வர வேண்டும். வீட்டு அடுப்புச் சாம்பலும் தென்னை மூட்டுக்குத்தான் போகும். பிற்பாடுதான் படித்தேன், பொட்டாசியத்தின் வேதிக் குறியீடான கே என்ற எழுத்து காலியம் என்ற பெயரிலிருந்து வந்ததாம், அதன் வேர் செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல். 1807-இல் ஹம்ஃப்ரி டேவி பொட்டாஷிலிருந்து மின்சாரம் பாய்ச்சி அதைப் பிரித்தார். அப்பாவுக்குத் தெரிந்த பொருள்தான், பெயர்தான் தெரியாது.

உரக்கடையில் சாக்கில் விற்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. நான் வாங்கிய லோ சோடியம் உப்பில் கலந்திருப்பதும் அதே பொட்டாசியம் குளோரைடுதான், இது சாப்பிடுகிற தரத்தில் சுத்தம் செய்தது, அவ்வளவே. அந்த உப்பு கெட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2021-இல் வந்தது. நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் வீட்டுச் சமையலுக்கு இந்த வகை உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது, ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நாலில் ஒரு பங்கு கலந்த உப்பு 5 கிராமில் சுமார் 650 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. இரண்டு சின்ன வாழைப்பழத்துக்குச் சமம், கண்ணுக்கே தெரியாமல் குழம்பிலும் ரசத்திலும் போகிறது. நான் வாங்கிய பாக்கெட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. முன்பக்கத்தில் இதயப் படம் பெரிதாக இருந்தது, பின்பக்கத்தை நான் திருப்பவில்லை. இப்போது எங்கள் வீட்டில் சாதாரண உப்புதான், அளவைத்தான் குறைத்திருக்கிறோம்.

அம்மாவின் பத்தியத்துக்கு வருகிறேன். கிழங்கே கூடாது என்று தாளில் இருந்ததைப் பார்த்து அவள் முகம் போன போக்கை என்னால் தாங்க முடியவில்லை. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் இந்த மரச்சீனியைப் பயிர் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார், அப்போது எங்கள் பகுதியும் திருவிதாங்கூர்தான். பஞ்ச காலத்தில் எங்கள் குடும்பங்களைக் காப்பாற்றிய சாப்பாடு. அம்மாவுக்கு அது வெறும் கிழங்கு இல்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "எப்படி வேக வைப்பீங்க?" அம்மாதான் பதில் சொன்னாள். "ரெண்டு தண்ணி வடிப்போம் சார். இல்லேண்ணா கட்டு போவாது." கட்டு என்பது கிழங்கில் இருக்கும் கசப்பும் விஷமும், சயனைடு வகை. டாக்டர் சிரித்தார். "பாட்டி, பொட்டாசியத்துக்கும் அதுதான் வைத்தியம். இன்னும் சின்னதா நறுக்குங்க, அவ்வளவுதான்" என்றார்.

அவள் செய்வதை நான் அதன் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். வெளித் தோலையும் அதன் கீழே ரோஸ் நிறத்தில் இருக்கும் தடித்த தோலையும் கத்தியின் மூக்கால் கீறி ஒரே சுற்றில் உரித்துவிடுவாள். முன்பு கைப்பிடி அளவு துண்டு போடுவாள், இப்போது விரல் மொத்தத்தில் நறுக்கி, நடுவில் இருக்கும் நாரை எடுத்துவிட்டு, தண்ணீர் மாறி மாறிக் கழுவுவாள். பெரிய பானையில் கிழங்கு மூழ்கி மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், மூடி போடக் கூடாது. கொதித்து நுரை பொங்கியதும் முதல் தண்ணீரை வடித்துவிட்டு, வேறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் வெந்நீரை ஊற்றி, மஞ்சளும் கொஞ்சம் உப்பும் போட்டு வேகவிட்டு, மூடியைத் துணியோடு சேர்த்துப் பிடித்துப் பானையைச் சரித்து அந்தத் தண்ணீரையும் வடிப்பாள். ஆவி முகத்தில் அடிக்க அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே நிற்பாள். நான் வாங்குகிறேன் என்றால் தரமாட்டாள்.

பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் உருளைக்கிழங்கில் பாதி வரை போய்விடும், துருவினால் இன்னும் அதிகம். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுவதில் பெரிய பலன் இல்லை, கொதிக்க வேண்டும். குக்கரில் கொஞ்சத் தண்ணீர் வைத்து வேகவைத்தாலும், ஆவியில் வைத்தாலும், வறுத்தாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். அதனால் எங்கள் அடுக்களையில் காய் ஒன்றுதான், வேகவைப்பது இரண்டு விதம். அம்மாவுடையது வடித்தது, என்னுடையது ஆவியில் வெந்தது. குழம்பில் மீன் துண்டு அம்மாவுக்கு, சாறு எனக்கு, ஏனென்றால் கரைந்து வந்தது சாற்றில்தான் நிற்கும். புடலங்காய், சுரைக்காய், கோஸ் இதெல்லாம் அவளுக்குக் கவலையில்லாமல் வைக்கலாம், அளவோடு. ஆப்பிளும் அன்னாசியும் 100 கிராமுக்கு 110 மி.கி. பக்கம்தான், ஒரு சின்ன துண்டு பழம் தின்ற ஆசை தீரும். பெரும்பாலும் எல்லோரும் விடும் இடம் ஜூஸும் சூப்பும்தான். நாலு ஆரஞ்சைத் தின்ன மாட்டோம், பிழிந்து ஒரே மூச்சில் குடித்துவிடுவோம்.

இன்னொரு விஷயத்தையும் நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மா கதை எங்கள் தெருவில் பரவியதும் எதிர்வீட்டு அத்தை பழத்தையும் கீரையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். அவளுக்கும் சர்க்கரை, ஆனால் கிரியாட்டினின் 0.8, பொட்டாசியம் 4.1. "ஒனக்க அம்மைக்கு வந்தது எனக்கும் வந்திரப்பிடாதுல்லா" என்றாள். அவள் தாளை வாங்கிப் பார்த்து, அத்தை, நீங்கள் நிறுத்தக் கூடாது, நீங்கள் தின்ன வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரமானது. சிறுநீரகத்தில் கொஞ்சம் குறை என்று தெரிந்த உடனே எல்லோரும் பழத்தை விட வேண்டியதும் இல்லை. பலருக்குப் பொட்டாசியம் நெடுநாள் சரியாகவே இருக்கும், எண் ஏறுகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் குறைக்கச் சொல்வார். காயையும் கீரையையும் கண்டபடி நிறுத்தினால் மலச்சிக்கல் வரும், சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்குக் குடல் வழியாகத்தான் கூடுதல் பொட்டாசியம் போக வேண்டியிருக்கிறது, அந்த வழியும் அடைபடும்.

குறைந்து போவதும் விளையாட்டில்லை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் இரண்டு நாள் நீண்டால் பொட்டாசியம் ஓடிவிடும், ஓஆர்எஸ் பொடியில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு வைத்திருப்பது அதற்குத்தான். நீர் பிரிய ஃப்யூரோசமைட், ஹைட்ரோகுளோரோதயாசைட் சாப்பிடுகிறவர்களுக்கும் இறங்கும். அவர்களில் சிலருக்குக் கருக்கு நிஜமாகவே நல்லது. அதே நீர் மாத்திரைகளில் ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒன்று இருக்கிறது, அது ஏற்றிவிடும். பெயர் தெரியாமல் 'நீர் மாத்திரை' என்று மட்டும் சொல்லி ஒருவருக்கொருவர் யோசனை கொடுப்பதை நாம் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

அதனால் யாராவது என்னிடம் கருக்கு குடிக்கலாமா, பழம் தின்னலாமா என்று கேட்டால் நான் பதிலுக்கு மூன்று கேட்கிறேன். கிரியாட்டினின் எவ்வளவு, கடைசியாகப் பொட்டாசியம் எப்போது பார்த்தீர்கள், என்னென்ன மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியதையும் சேர்த்து. இந்த மூன்றும் தெரியாதவர்களிடம், முதலில் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன். சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டிய சோதனைதான். நான் இருபது வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு முட்டி மாத்திரை நின்றது, டெல்மிசார்ட்டான் அளவு குறைந்தது, உப்பு மாறியது, கருக்கு நின்றது. போன மாத எண் 4.7. என் பிரஷர் 132/84, ஒரு சின்ன மாத்திரையோடு.

வாழை இன்னும் கொஞ்சம் நிற்கிறது, அப்பா வைத்ததன் கன்றுகள். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா செய்தித்தாளை வெட்டிப் பெட்டியில் வைத்தாள். எனக்கும் தம்பிக்கும் பல் முளைக்கும் முன்னே அவள் பிசைந்து ஊட்டிய பழம். போன வாரம் ஒரு குலை பழுத்தது. அடுக்களை முழுக்க வாசனை. அம்மா பக்கத்தில் வந்து நின்று, கேட்கலாமா கூடாதா என்ற குரலில், "ஒண்ணு தின்னா என்னவாம் மக்கா?" என்றாள். மட்டி சின்னப் பழம். ஒன்றை உரித்துத் தராசில் வைத்தேன், 45 கிராம், வாழைப்பழக் கணக்கில் 160 மி.கி. பக்கம். அன்று மதியம் அவளுக்குத் தக்காளி இல்லாமல் குழம்பு வைத்தேன், அந்த இடம் பழத்துக்குக் கிடைத்தது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, அதை அவள் தின்றுமுடிக்க பத்து நிமிஷம் எடுத்தது. அந்தச் சீப்பில் மீதி நான் தின்றேன்.